கார் இல்லாமல் அமெரிக்காவில் நெடுந்தூரம் போய்வர முடியுமா? பஸ், ரயில் பயணம் ஏன் இத்தனை சிரமம்?

ஹூஸ்டனில் படிக்க வரப்போவதாகவும், கார் வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை என்றும், டாலஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வர முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் போயிருக்கிறேன், இன்னமும் போகிறேன். ஆனால் நம் ஊர் ரயில்களை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினால் முதல் பயணத்திலேயே வெறுத்துப்போவீர்கள். ஏன் இப்படி என்று முன்பே தெரிந்திருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் பாவம், பஸ் ஓட்டுநர் மேல் பாயாது.

முதலில் ரயில். ஹூஸ்டன் மக்கள்தொகையில் நாட்டின் நான்காவது பெரிய நகரம். 23 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அந்த ஊருக்கு வரும் நெடுந்தூரப் பயணிகள் ரயில் ஒன்றே ஒன்று: லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் சன்செட் லிமிடெட். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்தான். ஏறத்தாழ 385 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டாலஸுக்கு நேரடி ரயிலே கிடையாது. அந்தத் தடத்தில் அதிவேக ரயில் விடப்போவதாகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசுகிறார்கள். இன்னும் ஓரடி தண்டவாளம்கூடப் போடவில்லை. நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் ஐந்தரை அல்லது ஆறு மணி நேரம். ரயிலில் கால அட்டவணைப்படியே சுமார் ஒன்பது மணி நேரம். தாமதம் தனி.

இந்தத் தாமதத்தின் வேரைச் சொல்கிறேன். 1971 வரை தனியார் ரயில் நிறுவனங்களே பயணிகள் வண்டிகளையும் ஓட்டின. நஷ்டம் தாங்காமல் அவை கைவிடத் தொடங்கியதும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஆம்ட்ராக் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. 1971 மே 1 முதல் பயணிகள் ரயில் அதன் பொறுப்பு. ஆனால் தண்டவாளங்கள் பெரும்பாலும் பழைய நிறுவனங்களிடமே இருந்துவிட்டன. சன்செட் லிமிடெட் ஓடும் பாதையில் பெரும்பகுதி இன்று யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தம். எந்த வண்டி முதலில் போகும், எது ஒதுங்கி நிற்கும் என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு அறையும் அவர்களுடையதுதான்.

நம் ஊரில் எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று கூட்ஸ் வண்டியை லூப் லைனில், அதாவது ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தண்டவாளத்தில், நிறுத்தி வைப்பார்கள். இங்கே பெரும்பாலும் தலைகீழ். செலவைக் குறைக்கச் சரக்கு வண்டிகளை மூன்று, நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இணைத்து ஓட்டுகிறார்கள். லூப் லைன் அவ்வளவு நீளம் இல்லை. எனவே ஒதுங்க இடமிருக்கும் பயணிகள் வண்டிதான் கிராசிங்குக்கு ஒதுங்கியாக வேண்டும். அப்படி நின்று நின்று நேரம் போனால் இன்னொரு சிக்கல். ரயில் ஊழியர்கள் ஒரே மூச்சில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது மத்தியச் சட்டம். பாதுகாப்புக்கான நல்ல சட்டம். நேரம் முடிந்துவிட்டால், மாற்று ஊழியர்கள் வந்துசேரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், அது நடுக்காடாக இருந்தாலும்.

பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. மீறினால் வழக்குத் தொடுக்கும் உரிமை ஆம்ட்ராக்குக்கு இல்லை. நீதித்துறை அமைச்சகம்தான் தொடுக்க வேண்டும். 1979-இல் ஒரு வழக்குப் போட்டார்கள், இதே சன்செட் லிமிடெட் தாமதத்துக்காக, அப்போது பாதையை வைத்திருந்த சதர்ன் பசிபிக் மேல். அடுத்த வழக்கு 2024-இல்தான் வந்தது. நியூயார்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் கிரெசென்ட் ரயிலுக்காக, நார்ஃபோக் சதர்ன் மேல். இடையில் 45 ஆண்டுகள். ஒரு தலைமுறையே லூப் லைனில் காத்திருந்திருக்கிறது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

வாஷிங்டனுக்கும் பாஸ்டனுக்கும் இடையே 730 கிலோமீட்டருக்கும் மேலான தடத்தில் பெரும்பகுதி ஆம்ட்ராக்குக்கே சொந்தம். அங்கே வண்டிகள் அடிக்கடி ஓடுகின்றன. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டுகின்றன. ஆகவே அமெரிக்கர்களுக்கு ரயில் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பஸ் கதை இன்னும் வேதனையானது. கிரேஹவுண்ட் 1914-இல் மினசோட்டாவின் ஹிப்பிங் என்ற சுரங்க ஊரில் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லத் தொடங்கி, நாடு முழுக்கப் பரவிய நிறுவனம். பெரிய நகரங்களின் மையத்தில் அதற்கு நிலையங்கள் இருந்தன: கூரை, இருக்கை, கழிப்பறை, டிக்கெட் ஜன்னல். 2021-இல் ஜெர்மனியின் ஃபிளிக்ஸ் நிறுவனம் பஸ்களை வாங்கியது. கட்டடங்களில் பலவற்றைப் பழைய உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொண்டு, 2022-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் நிலவணிகக் கிளைக்கு விற்றுவிட்டார். நடுநகர மனைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். ஊர் ஊராக நிலையங்கள் மூடப்பட்டன. பிலடெல்பியாவில் 2023-இல் வாடகை நிலையத்தைக் காலி செய்தபின், பயணிகள் பெட்டிகளோடு தெருவோரத்தில் நின்று பஸ் ஏறினார்கள். ஹூஸ்டனிலும் நடுநகர நிலையம் இப்போது இல்லை.

கூரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் நேரில் பார்த்தேன். டெக்ஸஸில் ஒரு நிறுவனத்தின் பஸ்ஸுக்காக நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் குளிர்காலத்தில் காத்திருந்தோம். அதுதான் நிறுத்தம். நள்ளிரவு தாண்டியது, கடையைப் பூட்டிவிட்டார்கள், கழிப்பறையும் அதோடு போயிற்று. கைபேசிச் செயலியில் பஸ் வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. மகளைப் பார்க்கப் போகும் ஒரு மூதாட்டி நடைச்சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார், உட்கார ஒரு பெஞ்சு இல்லை. அன்றுதான் சிறையிலிருந்து வெளியே வந்த ஓர் இளைஞர், உடைமைகளை ஒரு வலைப்பையில் வைத்திருந்தார். மறுநாள் காலை கண்காணிப்பு அலுவலர் முன் அவர் நேரில் நிற்க வேண்டும். கையில் போன் இல்லை. என் போனிலிருந்து பஸ் நிறுவனத்தை அழைத்தோம். இசை மட்டும் ஓடியது. பஸ் விடியும் நேரத்துக்கு வந்தது. நான் வகுப்பைத்தான் தவறவிட்டேன், அவர் தவறவிட்டது என்னவென்று எனக்குத் தெரியாது.

வசதி உள்ளவர்கள் ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு ஒரு மணி நேரத்தில் பறந்துவிடுகிறார்கள், அல்லது ஓட்டிப் போகிறார்கள். சட்டம் இயற்றுபவர்களில் எவரும் அந்தப் பெட்ரோல் பங்க்கில் நிற்பதில்லை. நிலையம் மூடப்படும் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்து, ஓரிரு நாளில் மறைந்துபோகிறது. முதியவர்களும் மாணவர்களும் கூலித்தொழிலாளர்களும் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இது அநியாயம்.

இனி உங்கள் பயணம். டாலஸுக்குப் பஸ்தான் வழி. ஹூஸ்டனில் மெக்சிகோ வம்சாவளியினர் நடத்தும் பஸ் நிறுவனங்கள் சில தங்களுக்கென்று நிலையம் வைத்திருக்கின்றன. அவற்றையும் விசாரியுங்கள், உட்கார இடமாவது கிடைக்கும். எந்த டிக்கெட் எடுத்தாலும் முதல் நாள் மாலையே நிறுத்தத்தின் இடத்தை வரைபடத்தில் பாருங்கள், முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றிவிடுவார்கள். வழியில் பஸ் மாறும் பயணத்தைத் தவிருங்கள். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம்.

நியூ ஆர்லியன்ஸுக்கு ரயிலில் போங்கள், மனதாரச் சொல்கிறேன். சாதாரண வகுப்பிலேயே கால் நீட்ட தாராளமான இடம் உண்டு, எழுந்து நடக்கலாம், பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்த பெட்டியில் உட்கார்ந்து லூசியானாவின் சதுப்புநிலங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் போய்ச்சேரும் நாளன்று தேர்வோ நேர்முகமோ வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டி அங்கே சேரும் நேரமே இரவு ஒன்பதைத் தாண்டும் என்பதால், நள்ளிரவானாலும் கதவு திறக்கும் விடுதியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.