நாலாம் மாடிப் பூனையும் சாய்ந்த யன்னலும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவே வாசித்துவிட்டேன். ஜேர்மனிக்கு வந்து மூன்று மாதம், நாலாம் மாடியில் இரண்டு அறை வீடு, கணவர் வேலைக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, ஒரு பூனை வளர்க்க ஆசை. ஆனால் வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருந்தால் அது சந்தோஷமாக இருக்குமா, பாவம் பிடிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அம்மா வீட்டுப் பூனையை ஊரிலிருந்து கொண்டுவரலாமா, காப்புறுதி வேண்டுமா, என்ன சாப்பாடு, வீட்டுச் சொந்தக்காரர் விடுவாரா என்று இன்னும் நாலு கேள்வி.

அந்த நாலையும் முதலில் தள்ளிவிடுகிறேன். சாப்பாட்டை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். காப்புறுதி அவரவர் விருப்பம், நான் எடுக்கவில்லை. அம்மாவின் பூனையைக் கொண்டுவரச் சட்டத்தில் வழி இருக்கிறது: சிப் வைத்து, விசர்நாய்க்கடி ஊசி போட்டு, 30 நாள் கழித்து இரத்தம் எடுத்துச் சோதித்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் செய்யலாம். ஆனால் மதிலில் நடந்து கூரையில் படுத்து வளர்ந்த சீவனை நாலாம் மாடிக்கு ஏற்றிக் கதவைச் சாத்துவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது அம்மாவோடேயே இருக்கட்டும். வீட்டுக்காரர் விஷயத்தில், நாயும் பூனையும் கூடவே கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் அச்சடித்த பொது வசனம் செல்லாது என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்காகக் கேளாமல் கொண்டுவந்து வைக்காதீர்கள். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டியர்ஹைமுக்கு, அதாவது கைவிடப்பட்ட மிருகங்களின் காப்பகத்துக்குப் போனால் அங்கே முதலில் கேட்பதே அந்தக் கடிதத்தைத்தான்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். இருக்கும். குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்த பூனை உள்ளேயே சந்தோஷமாக இருக்கும். இதை நான் யாரும் சொல்லிக் கேட்டு எழுதவில்லை.

நான் வந்தது 1988 தை மாதம். ஒரு ஹைமில், அதாவது அகதிகளை வைத்திருக்கும் விடுதியில், ஓர் அறைக்குள் நாலு பெடியன்கள். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தண்டம். விடிந்தால் யன்னல், பொழுதுபட்டால் யன்னல். எதிர்வீட்டு யன்னலில் ஹீட்டருக்கு மேலே உள்ள பலகையில் ஒரு சாம்பல் பூனை எப்போதும் உட்கார்ந்திருக்கும். 'அதுவும் எங்களைப் போல உள்ளேதானடா' என்று சொல்லிச் சிரிப்போம். ஒரு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தபின்தான் விளங்கியது, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று. அதற்கு நாள் முழுக்க அலுவல். காலையில் குருவிகளை எண்ணும். பத்து மணிக்கு வெயில் அடுத்த யன்னலுக்கு மாறினால் அதுவும் மாறும். தபால்காரன் வந்தால் எழும்பி நின்று பார்க்கும். பின்னேரம் அந்த வீட்டு அம்மா ஒரு நூலில் எதையோ கட்டி இழுப்பார், அது பாயும், உருளும். நடுவில் நல்ல நித்திரை. எங்கள் நாலு பேருக்கும் கதவு பூட்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து போய்ச் செய்ய ஓர் அலுவல்தான் இல்லை.

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணித்தியாலம் தூங்கும். விடியலிலும் மாலைக் கருக்கலிலும்தான் அதற்கு வேட்டைப் புத்தி வரும். அந்த இரண்டு வேளையும் பத்துப் பத்து நிமிடம் நீங்கள் எலியாகவும் குருவியாகவும் நடிக்க வேண்டும். பாய்ந்து பிடிக்க ஏதாவது, ஏறி உட்கார உயரத்தில் ஒரு பலகை, நகம் கீற ஒரு மரக்கட்டை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. விளையாடி முடிந்ததும் நூலை அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். பூனை மலசலம் கழிக்கிற மண்தட்டு, பூனைக் கணக்குக்கு மேல் ஒன்று கூடவாக இருக்க வேண்டும். (1947இல் எட் லோ என்ற அமெரிக்கர் களிமண் துகளைப் பையில் போட்டு விற்கத் தொடங்கும்வரை சாம்பலும் மணலும்தான். அந்த மணத்தோடு பூனையை உள்ளே வைத்திருக்க யாரால் முடிந்திருக்கும்? வீட்டுப் பூனைக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவரா, விலங்கு மாட்டியவரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.)

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடென்றால் ஒரு பூனை வேண்டாம், இரண்டாக எடுங்கள். இங்குள்ள டியர்ஹைம்கள் பலதும் குட்டியைத் தனியாக வீட்டுக்குள் வளர்க்கத் தரமாட்டா. சோடியாகத்தான் தருவார்கள். வீண் பிடிவாதம் என்று நானும் ஒருகாலம் ஏசியிருக்கிறேன். சுவிஸில் இருக்கிற என் மச்சான் சொன்னான், அங்கே அது சட்டத்திலேயே இருக்கிறதாம்: தனிப் பூனைக்குத் தினமும் மனிதப் பழக்கம் வேண்டும், இல்லையென்றால் வேறு பூனைகளைக் கண்ணாலாவது காண வேண்டும். தேடிப் பார்த்தேன், உண்மைதான்.

இதுவரை சொன்னதை யாரும் சொல்லுவார்கள். நான் இவ்வளவு எழுத உட்கார்ந்தது இனிச் சொல்வதற்காக.

உங்கள் சமையலறை யன்னலைப் போய்ப் பாருங்கள். கைப்பிடி ஒன்று, வேலை மூன்று. கைப்பிடி கீழ்நோக்கி நின்றால் பூட்டு. பக்கத்துக்குத் திருப்பினால் கதவு மாதிரி முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் யன்னலின் மேல்விளிம்பு மட்டும் அறைக்குள் சாய்ந்து நிற்கும். ஊரில் இப்படியொன்றை நாங்கள் கண்டதில்லை. வந்த புதிதில் எவ்வளவு கெட்டித்தனம் என்று வியந்திருக்கிறேன், மழையும் வராது, காற்றும் வரும். பூனை வளர்க்கிற வீட்டில் அதுதான் கத்தி.

எங்கள் முதல் பூனை மிட்சி. கீழ்வீட்டு டொச் (ஜேர்மன்) அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனபோது 1996இல் எங்களிடம் விட்டுப்போனது. அப்போது அதற்கு மூன்று வயது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது, டொச் மட்டும் விளங்கும். பாதி டொச் நான் அதனோடு கதைத்துத்தான் பழகினேன் என்றால் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிப்பார்கள். மொழி வகுப்பில் பிழை விட்டால் வெட்கம், பூனை திருத்தாது. ஒரு வருடத்தில் அது தமிழும் பிடித்துவிட்டது. மனைவி 'வாடி' என்றால் வரும், நான் 'கொம்' என்றாலும் வரும். இப்போது வருகிறவர்கள் கையில் வேலைக் கடிதத்தோடு, ஃபோனில் மொழிபெயர்ப்போடு வருகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பூனையிடம் பாஷை படித்த ஆட்களும் இந்த நாட்டில் இருக்கிறோம்.

1997 சித்திரையில் ஒரு நாள். வீட்டுக்காரர் கண்டபோதெல்லாம் 'காற்றோட்டம், காற்றோட்டம், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்' என்று நச்சரிப்பார். அதைவிடச் சமையல் மணம் படிக்கட்டுக்கு வருகிறது என்று மேல்வீட்டுக்காரியின் முறைப்பாடு. அதனால் சமையலறை யன்னலைச் சாய்த்துவிட்டு மனைவி பிள்ளையைக் கூட்டிவரப் போயிருக்கிறா. நான் காலை வேலை முடிந்து உள்ளே வந்தால் சத்தமே இல்லை. வழமையாகச் சாவிச் சத்தத்துக்கே ஓடிவரும். சமையலறையில் யன்னலின் பக்க இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு துணி தொங்குவது போல இருந்தது.

நடப்பது இதுதான். வெளியே குருவி ஒன்று வரும், பூனை மேல் இடைவெளிக்குப் பாயும். உடம்பு பாதி வெளியே போகும், கால் கண்ணாடியில் வழுக்கும். பக்க இடுக்கு மேலே அகலம், கீழே போகப்போக ஒடுக்கம். துடிக்கத் துடிக்கக் கீழே இறங்கி இறுகும். வயிறு நசுங்கிப் பின்னங்கால்களுக்கு இரத்தம் போகாமல் நின்றுவிடும். டொச்சில் இப்படி அகப்படுகிற பூனைக்குக் 'கிப்ஃபென்ஸ்டர் காட்ஸ' என்று தனிப் பெயரே இருக்கிறது. ஒரு பாஷை இதற்கென்று சொல் உண்டாக்கி வைத்திருக்கிறதென்றால் எத்தனை வீட்டில் நடந்திருக்கும், யோசியுங்கள்.

நான் செய்த ஒரே சரி, கீழே இழுக்காதது. ஒரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பாரத்தைத் தாங்கி, மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். எடுத்தபோது பின்னங்கால் இரண்டும் குளிர்ந்து ஈரத்துணி மாதிரித் தொங்கின. துவாயில் சுற்றிக்கொண்டு ஓடினேன். வைத்தியர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: நடந்து போனால்கூட உடனே கொண்டுவா, வீட்டில் வைத்துப் பார்க்காதே என்றார். இரத்தம் நின்ற தசையில் சேர்ந்த நச்சு, விடுவித்தபின் ஒரேயடியாக உடம்புக்குள் போய் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்குமாம். எங்களுக்கு அதிர்ஷ்டம், அகப்பட்டுக் கனநேரம் ஆகியிருக்கவில்லை. ஆறு கிழமை நொண்டியது. பிழை முழுக்க எங்களுடையது. வீட்டுக்காரரில் பழிபோட எனக்கு ஆசைதான், ஆனால் யன்னலைச் சாய்த்தது நாங்கள்.

இதற்குப் பக்கங்களுக்கும் மேலுக்கும் கம்பித் தடுப்பு விற்கிறது. துளை போடாமல் இறுக்கிப் பூட்டுகிற வகையும் உண்டு. பூனை வருகிறதற்கு முதல்நாள் அது பூட்டியிருக்க வேண்டும், வந்தபிறகு பார்ப்போம் என்றில்லை. பால்கனிக்கு வலை வேண்டும், அதற்கும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். 'பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றித்தான் விழும்' என்று எங்கட ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள். 1987இல் நியூயோர்க் மிருக வைத்தியர்கள் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைக் கணக்கெடுத்து, நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்ததாக எழுதினார்கள். ஆனால் அது வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்பட்ட பூனைகளின் கணக்கு. நிலத்திலேயே முடிந்ததை யார் தூக்கி வருவார்கள்?

இன்னும் மூன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். டொச் விருந்தாளிகள் பூங்கொத்தோடு வருவார்கள், அதில் லில்லி இருந்தால் நன்றி சொல்லி வாங்கி வெளியே வையுங்கள். இலை, மகரந்தம், சாடியில் நின்ற தண்ணீர், எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கொல்லும். நீங்கள் காய்ச்சலுக்குப் போடுகிற பரசிட்டமோல் அரைத் துண்டும் அதற்குக் கொடுக்கக் கூடாது. ஆண் பூனை மண்தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து சிறுநீர் போகவில்லையென்றால் விடியட்டும் என்று பாராமல் அன்றைக்கே வைத்தியர்.

வெளியே விட்டால்தான் பூனை என்று டொச் அயலவர்கள் உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். தலையாட்டிவிட்டு வாருங்கள். இதே நாட்டில் வால்டோர்ஃப் என்ற ஊரின் ஒரு பகுதியில் 2022இல் கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கிற காலத்தில், வைகாசி நடுப்பகுதியிலிருந்து ஆவணிக் கடைசிவரை, பூனைகளை வெளியே விடவே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவுஸ்திரேலியத் தலைநகரில் 2022 யூலை 1 தொடக்கம் பிறந்த பூனை எல்லாம் வீட்டு எல்லைக்குள்தான். உலகம் எங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

எங்கட ஆட்களில் இரண்டு விதம் எனக்குப் பிடிக்காது. ஒன்று, ஊரில் சனம் பட்டினி கிடக்கப் பூனைக்குச் செலவழிக்கிறான் என்று நாக்கு வளைப்பவர்கள். கோடை வந்தால் அவர்களே தவணைக்கு எடுத்த காரைக் கழுவிக் கழுவிப் படம் பிடிப்பார்கள். மற்றது, பிள்ளையின் பிறந்தநாளுக்கு நீளமயிர்ப் பூனை வாங்கி வீடியோ போட்டுவிட்டு, ஆறு கிழமை லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாத்திரம் நிறையச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டுகிறவர்கள். அப்படி ஒரு வீட்டுச் சாவி என் கையில் வந்து சேர்ந்து, நாள்தவறாமல் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஊருக்குப் போகும்போது யார் வந்து பார்ப்பார்கள் என்ற பதில் இல்லாமல் பூனை எடுக்காதீர்கள்.

மிட்சி 2010 வரை இருந்தது, பதினேழு வயது. கடைசிக் காலத்தில் காது கேளாது, ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரத்துக்கு யன்னல் பலகைக்கு ஏறப் பார்க்கும். ஏற முடியாமல் போனபின் நான் ஒரு சின்ன முக்காலி செய்து வைத்தேன். இப்போது இருக்கிற இரண்டும் டியர்ஹைமில் எடுத்த அண்ணனும் தங்கையும், மிட்சியின் முக்காலியில்தான் சண்டை. மனைவியோடு வெளியே வெளிக்கிட்டால் வாசலில் அவ அடுப்பைக் கேட்பதில்லை. 'கைப்பிடி எல்லாம் கீழேயா?' என்றுதான் கேட்பா. நான் திரும்பிப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.