செங்காந்தள் காய்ந்துவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள்: கேள்வி பதில்

செங்காந்தள் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "செடி காய்ந்துவிட்டது, என்ன செய்வது?" அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னைப் பற்றி ஒரு வரி: எங்கள் வீடு மூலனூர் பக்கம். சுற்றுவட்டார வயல்களில் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு போடுவார்கள். அது செங்காந்தளேதான். நான் விவசாயத்துக்கு இல்லாமல், பூவுக்காகவே வீட்டு வேலி ஓரத்திலும் தொட்டியிலும் 14 வருடமாக வளர்த்து வருகிறேன்.

அக்கா, மொட்டை மாடியில் தொட்டியில் வைத்திருந்தேன். கார்த்திகை வரை அவ்வளவு அழகாகப் பூத்தது. தை பிறந்ததும் இலை மஞ்சளாகி, இப்போது தண்டே சருகாகிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லை. தொட்டியைக் காலி செய்துவிடலாமா? (சென்னை, வேளச்சேரி)

வேண்டாம் தம்பி. தொட்டி அப்படியே இருக்கட்டும். முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

செடி சாகவில்லை, தூங்குகிறது. செங்காந்தள் மண்ணுக்கு மேலே ஒரு பருவத்துக்குத்தான் இருக்கும். மழைக்கு முளைத்து, ஏறி, பூத்து, காய் முற்றியதும் மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிடும். உயிர் முழுக்கக் கிழங்குக்குள் போய்விடும். மாசியிலிருந்து வைகாசி வரை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். காட்டில் அந்த நான்கு மாதமும் அதற்குப் பெரிதாகத் தண்ணீர் கிடைக்காது. அதற்குப் பழகிய கிழங்கு அது. நாம் பாசத்தில் ஊற்றுகிற தண்ணீர்தான் அதை அழுக வைக்கிறது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் ஒரு சித்திரையில், வெயில் அதிகமாக இருக்கிறதே என்று இரண்டு தொட்டிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினேன். ஆனியில் தோண்டிப் பார்த்தால் கிழங்கின் தோல் மட்டும் பை மாதிரி இருந்தது. உள்ளே கூழ். பக்கத்தில் நான் மறந்தே போன தொட்டியில் கிழங்கு கல் மாதிரி நின்று, முதல் மழைக்கே முளைத்தது.

தண்டு முழுக்கக் காய்ந்தபின் மெதுவாகத் திருகி எடுத்துவிடுங்கள். பச்சை இருக்கும்போது வெட்ட வேண்டாம். இலை பழுக்கும் அந்தச் சில வாரங்களில்தான் அதிலுள்ள சத்து கிழங்குக்கு இறங்கும். பிறகு தொட்டியைக் கோடைமழை படாத நிழலில், தாழ்வாரத்திலோ படிக்கட்டின் அடியிலோ, நகர்த்தி வையுங்கள். "இங்கே கிழங்கு இருக்கிறது" என்று ஒரு சீட்டு எழுதிக் குச்சியில் செருகிவிடுங்கள். வெறும் மண் என்று நினைத்து வீட்டில் யாராவது கீரை விதைத்துவிடுவார்கள். வைகாசி கடைசியில் மேல் மண்ணைக் கொஞ்சம் கிளறி, மக்கிய எரு போட்டு, ஒரு தடவை நன்றாக நனையுங்கள். முளை தெரிகிற வரை அடுத்த தண்ணீர் அளவோடுதான்.

ஆன்லைனில் வாங்கிய மூன்று கிழங்கில் ஒன்றுதான் முளைத்தது. மற்ற இரண்டும் இரண்டு மாதமாகியும் அசையவில்லை. தோண்டிப் பார்த்தேன், அழுகவும் இல்லை. ஏன்? (கோவை)

முனை ஒடிந்திருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள்.

செங்காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து, இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அந்த வடிவத்தால் வந்தது. உருளைக்கிழங்கில் எங்கே வெட்டினாலும் ஒரு கண் கிடைக்கும். இதில் அப்படிக் கிடையாது. ஒரு கைக்கு ஒரே ஒரு முளை, அதுவும் அந்தக் கையின் நுனியில். நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சின்னதாக, வெளிறிய மொட்டு ஒன்று கூராகத் தெரியும். அது உடைந்தால் அந்தத் துண்டு எத்தனை மாதம் மண்ணில் கிடந்தாலும் பெரும்பாலும் முளைக்காது. கிழங்கோ சாக்பீஸ் மாதிரி பட்டென்று ஒடியும். பார்சலில் குலுங்கி வருகிறபோது முதலில் அடிபடுவது நுனிதான். வாங்கும்போது நுனியின் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

நடும்போது கிழங்கை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். முளை இருக்கும் நுனி தொட்டியின் நடுவைப் பார்த்து இருக்கட்டும். மேலே இரண்டு, மூன்று அங்குல மண் போதும். நல்ல கிழங்கென்றால் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் முளை வரும். இடையில் "முளைத்துவிட்டதா" என்று விரலால் தோண்டிப் பார்க்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதிலேயே பல முளைகள் முறிகின்றன. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தொட்டி எவ்வளவு பெரியது வேண்டும்? மண் கலவை சொல்லுங்கள் அக்கா. (திருச்சி)

12 அங்குல அகலம், அதே அளவு ஆழம். அதில் ஒரு பெரிய கிழங்கு அல்லது இரண்டு நடுத்தரக் கிழங்கு. கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. களிமண் மட்டும் வேண்டவே வேண்டாம். ஐப்பசி அடைமழையில் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிடும். அடியில் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். தொட்டியைத் தரையில் ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

ஆறடி ஏறிவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை. கிளை நிறைய வரட்டும் என்று நுனியைக் கிள்ளியும் விட்டேன். (தஞ்சாவூர்)

கிள்ளியதுதான் தவறாகப் போயிற்று அம்மா. மல்லிகையையும் சாமந்தியையும் போல இதைக் கிள்ளக் கூடாது. தண்டு தானாகவே மேலே போய்க் கிளை பிரிந்து, அந்த உச்சிப் பகுதியில்தான் மொட்டு வைக்கும். உச்சி போனால் அந்தத் தண்டில் பெரும்பாலும் இந்த வருடப் பூவும் போச்சு. இலைகள் இருக்கிறவரை அவை கிழங்கைப் பருக்க வைக்கும், அதனால் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த வருடம் பாருங்கள்.

கிள்ளாமலே பூக்கவில்லை என்று எழுதியவர்களுக்கு: கிழங்கு சிறியதாக இருக்கலாம். வயலில் நடுகிறவர்கள் 50, 60 கிராம் கிழங்காகப் பார்த்து எடுப்பார்கள். சுண்டுவிரல் பருமன் கிழங்கு முதல் வருடம் இலை மட்டும் விடும். இன்னொன்று, நிழல். காலை வெயில் நான்கைந்து மணி நேரமாவது கொடிக்குப் பட வேண்டும். அடி மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. நான் தொட்டி ஓரத்தில் சருகு பரப்பிவிடுவேன்.

ஏற ஏதாவது கொடுங்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறிப் பிடித்து ஏறுகிற கொடி இது. பருமனான மூங்கிலை அதால் சுற்றிப் பிடிக்க முடியாது. மெல்லிய கம்பி, வலை, காய்ந்த விளார் இதெல்லாம்தான் அதற்கு வசதி. எங்கள் பக்கம் வயலில் கிளுவை நட்டு அதன் மேல் ஏற்றிவிடுவார்கள். என் வீட்டு வேலியும் கிளுவைதான். முள்ளுக்குள் ஏறி அது பூக்கிற மாதிரி எந்தத் தொட்டியிலும் பூப்பதில்லை.

கருப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த புழு, ஒரே இரவில் இலையெல்லாம் தின்றுவிட்டது. (மேட்டுப்பாளையம்)

காந்தளுக்கென்றே வருகிற புழு அது. ஐந்தாறு என்றால் கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதிகமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள். இலையின் பின்பக்கமும் நனைய வேண்டும். தினமும் காலையில் ஒரு நடை போய்ப் பார்த்தால் இந்த அளவுக்கு வராது.

வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள், நாயும் உண்டு. விஷச்செடி என்கிறார்களே, வைக்கலாமா? (மதுரை)

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேராகவே பதில் சொல்வேன். பேத்தி கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அவள் வளரும் வரை பொறுங்கள்.

வேர் முதல் விதை வரை எல்லாப் பாகமும் விஷம். கிழங்கும் விதையும் மிக அதிகம். அதிலுள்ள கொல்சிசின் என்ற பொருளுக்காகத்தான் இங்கே விதையைச் சாகுபடி செய்கிறார்கள். கவுட் என்ற மூட்டு நோய்க்கு அதிலிருந்துதான் மருந்து வருகிறது. மருந்தாகும்போது மில்லிகிராமில் அளக்கிற பொருள். ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று நம் வீட்டில் யாரும் அளக்க முடியாது. சர்க்கரைவள்ளி என்றோ வேறு கிழங்கு என்றோ நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. அவித்தாலும் விஷம் போகாது.

சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சிலருக்கு இடையில் தேறியது போலத் தெரியும். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. அதன் பிறகுதான் இரத்தமும் சிறுநீரகமும் பாதிக்கும். யாராவது கடித்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தாலே கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சக் கிழங்கையோ செடியையோ ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய் விஷயம்: தொட்டியில் எலும்புத்தூள் போடாதீர்கள், அந்த வாசத்துக்கே தோண்டும். கிழங்கைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்துச் சேமிக்கிற கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நான் பழைய பெயின்ட் வாளியில் காய்ந்த மணலில் புதைத்து, மேலே சிவப்பு மையில் "விஷம்" என்று எழுதி, பரணில் வைக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒருவர், "பெயரே கண்வலிக்கிழங்கு, கண்ணுக்கு அரைத்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊரில் சொல்கிற பேச்சிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கண்ணுக்கும் மருந்தில்லை, பேனுக்கும் மருந்தில்லை.

அக்கா, எங்கட வேலியில் ஒவ்வொரு மாரிக்கும் கார்த்திகைப்பூ தானாக வருகுது. நீங்கள் சொல்லும் செங்காந்தளும் இதுவும் ஒன்றா? கிண்டி எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா? (யாழ்ப்பாணம்)

ஒன்றேதான். கார்த்திகையில் பூப்பதால் உங்கள் பக்கம் அந்தப் பெயர். குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லப்படும் பூக்களில் முதலாவதாக வருகிற காந்தளும் இதுதான். இங்கே தமிழ்நாட்டின் மாநில மலர்.

வேலியில் நன்றாக இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள் தங்கச்சி. கட்டாயம் மாற்ற வேண்டுமானால் தண்டு காய்ந்தபின், ஓரடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, கையால் மண்ணைத் தளர்த்தி எடுங்கள். பழைய கிழங்கு சுருங்கிச் சக்கையாகி, அதன் இடத்தில் புதுக்கிழங்கு இரண்டு கையோடு இருக்கும். வளைவில் பிரித்தால் இரண்டு செடி. பிரித்த இடம் ஒரு வாரம் நிழலில் ஆறட்டும். உங்கள் வேலியில் இருப்பதைச் செய்யலாம், காப்புக்காட்டில் தோண்டி எடுப்பது குற்றம். அதற்கு மேல், இந்தக் கொடி காட்டில் குறைந்து வருவதே கிழங்கைத் தோண்டித் தோண்டித்தான். அதை நினைத்தாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

டொராண்டோவில் வளருமா? கார்த்திகையில் பூக்க வைக்க முடியுமா?

வளரும். மார்ச் கடைசியில் வீட்டுக்குள் வெதுவெதுப்பான ஜன்னல் ஓரம் தொட்டியில் நடுங்கள். மே கடைசியில் உறைபனி முழுக்கப் போனபின் வெளியே வையுங்கள். பூ ஆடி, ஆவணியில் வரும். கார்த்திகையில் உங்கள் ஊர்க் குளிரில் வெளியே எதிர்பார்க்க முடியாது. குளிர் தொடங்குவதற்கு முன் உள்ளே எடுத்து, காய விட்டு, கிழங்கை உறையாத அறையில் காய்ந்த மணலில் வையுங்கள். அங்கே கடைகளில் குளோரியோசா ராத்சைல்டியானா என்ற பெயரில் கிடைப்பது இதே இனம்தான்.

பூ நிறைய, காய் மட்டும் பிடிப்பதில்லை. விதையிலிருந்து வளர்க்க ஆசை. (ஈரோடு)

சூல்தண்டை, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் தண்டை, பாருங்கள். பூவின் அடியிலிருந்து நேராக வராமல், செங்குத்தாக மடங்கிப் பக்கவாட்டில் விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் மேல் எளிதில் விழாது. வயலில் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் ஆள் வைத்து மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். நீங்களும் ஒரு மெல்லிய தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தை இன்னொரு கொடியின் சூல்தண்டு நுனியில் தடவுங்கள். காய் முற்ற மூன்றரை மாதம் ஆகும். விதை முளைக்கவே மாதக்கணக்காகும், பூக்க மூன்று நான்கு வருடம். பொறுமை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் கிழங்கே நல்லது.

பூ முதலில் மஞ்சளாக இருந்தது, இப்போது முழுச் சிவப்பு. நோயா? (சேலம்)

நோய் இல்லை. மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் ஒவ்வொன்றாகப் பின்னால் மடங்கி மேலே நிமிரும், ஓரமெல்லாம் அலை அலையாக இருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். அடுத்து மேல்பாதி சிவந்து அடி மட்டும் மஞ்சளாக நிற்கும். தீச்சுடர் மாதிரி இருப்பது அப்போதுதான். பிறகு அந்த மஞ்சளையும் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, கடைசியில் இரத்தச் சிவப்பு. ஒரு கொடியில் உச்சியில் பச்சை மொட்டும், நடுவில் இருநிறப் பூவும், கீழே முழுச் சிவப்பும் ஒரே நாளில் இருக்கும். இன்னும் மொட்டு மிச்சம் இருந்தால் நாளைக் காலையில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.