ஹைபர்னேட் பண்ணி எழுப்பினா மட்டும் வைஃபை ஆஃப்லயே நிக்குது - பதில்

உங்க லேப்டாப் டிரைவர்ல, ரெஸ்யூம்ல (ஸ்லீப்ல இருந்து எழும்போது கர்னல் கூப்பிடற கால்பேக்) வச்சிருக்கற அதே ஃபங்ஷனை ரெஸ்டோர்லயும் (ஹைபர்னேட்ல இருந்து எழும்போது கூப்பிடறது) குடுங்க. ஸ்லீப்ல இருந்து எழுந்தா வைஃபை வருது, ஹைபர்னேட்ல (மெமரிய டிஸ்க்குல சேவ் பண்ணிட்டு முழுசா ஆஃப் ஆகறது) மட்டும் வரலன்னீங்கல்ல, லினக்ஸ் கர்னல் டிஸ்க்குல இருந்து எழும்போது ரெஸ்யூமை கூப்பிடவே கூப்பிடாது, ரெஸ்டோரைத்தான் கூப்பிடும். கர்னல்லயே இருக்கற ஹெச்பி லேப்டாப் டிரைவரை பாருங்க, ரெண்டு இடத்துலயும் ஒரே ஹேண்ட்லர்தான்.

காரணம் இதுவாத்தான் இருக்கணும்: டிஸ்க்குல சேவ் பண்ண மெமரி இமேஜ் திரும்ப லோட் ஆனதும் டிரைவர் ரேடியோ ஆன்ல இருக்குன்னு பழசையே நம்பிட்டு இருக்கும், ஆனா நடுவுல மெஷின் முழுசா ஆஃப் ஆகி பயாஸ் ரேடியோவ வேற நிலைல வச்சிருக்கும். ஆர்எஃப்கில் (வைஃபை மாதிரி ரேடியோக்களை ஆன்/ஆஃப் பண்ற கர்னல் பகுதி) தானா சரி பண்ணிடும்னு விட முடியாது, டிவைஸை அதுல ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி சாஃப்ட் ஸ்டேட்டை (சாஃப்ட்வேர் வச்ச ஆன்/ஆஃப் நிலை) இனிஷியலைஸ் பண்ணியிருந்தீங்கன்னா அது பெர்சிஸ்டன்ட் டிவைஸ்னு (ஆஃப் ஆனாலும் நிலையை தானே வச்சுக்கறது) எடுத்துக்கிட்டு எழும்போது தொடாமலே விட்டுடும், அந்த வரி உங்க கோட்ல இருக்கான்னு தேடுங்க.

செக் பண்ண:
1. ரெஸ்யூம், தா (thaw, ஹைபர்னேட் இமேஜ் எடுத்ததும் ஓடற கால்பேக்), ரெஸ்டோர் மூணுலயும் ஒரு பிரிண்ட் போட்டு கர்னல் லாக்ல எது வருதுன்னு பாருங்க.
2. ஹைபர்னேட் மோடை டெஸ்ட் ரெஸ்யூம்னு மாத்தினா ரீபூட் இல்லாமலே ரெஸ்டோர் ஓடும். ஆனா அதுல பவர் போகாது, பயாஸ் ரீசெட் ஆகாது, அதனால கடைசியா ஒரு நிஜ ஹைபர்னேட் கட்டாயம்.

ஒண்ணு கவனிங்க, பழைய ஸ்டேட்டை கண்ணை மூடிட்டு எழுதிடாதீங்க. மெஷின் ஆஃப்ல இருந்தப்போ யாராவது வயர்லெஸ் ஸ்விட்ச்சை தட்டியிருக்கலாம், மொதல்ல ஹார்ட்வேர் ஸ்டேட்டை படிச்சு ஆர்எஃப்கில்லுக்கு சொல்லிட்டு அப்புறம் சாஃப்ட் ஸ்டேட்டை எழுதுங்க.