கருவாட்டைக் காட்டுங்க!

கேள்வி: எங்க தோட்டத்து நாய் முந்தாநாள் மாங்கொட்டையை முழுங்கிடுச்சுங்க டாக்டர். உப்புத்தண்ணி ஊத்தி வாந்தியெடுக்க வெக்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டவே வேண்டாமுங்க. உப்பே நஞ்சாகிடும், மேலே வர்ற கொட்டை உணவுக்குழாயில மாட்டிக்கவும் செய்யும். கொட்டை சில நாள் வயித்துல சும்மா கிடந்துட்டு அப்புறமாக்கூடக் குடலை அடைக்கும். தீனி தின்னுதேன்னு இருந்துடாம இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க.

எங்க தோட்டத்துச் சாளை வீட்டுலயே, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரை முழுங்கின நாய்க்கு நாலாம் நாள் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தேன். வைத்தியன் வீட்டு லட்சணம்!

மாங்கொட்டையை எருக்குழியில போட்டாத் தோண்டிடும். மூடி போட்ட வாளியில போடுங்க. வாயில எதையாவது கவ்வியிருந்தாத் துரத்தாதீங்க, அவசரத்துல முழுங்கிடும். ஒரு துண்டு கருவாட்டைக் காட்டுங்க, தானாக் கீழே போட்டுரும்.