நல்ல நடிகர்கள், சறுக்கிய சீசன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ராபர்ட் டவுனி ஜூனியர் இளம் வயதில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரே ஆண்டு நடித்து நீக்கப்பட்டாராமே? அவரையே வேண்டாம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?
(வாசகி, திருச்சி)

பதில்: நீக்கப்பட்டது உண்மைதான், ஆனால் அவர் தனியாகப் போகவில்லை, குழுவில் பெரும்பகுதியும் அவரோடு வெளியேறியது. 1975இல் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கி 1980இல் விலகியிருந்த லோர்ன் மைக்கேல்ஸ், 1985இல் மீண்டும் தயாரிப்பாளராக வந்து, அந்த நவம்பரில் 11ஆவது சீசனைப் புத்தம் புதிய குழுவோடு தொடங்கினார். இளைஞர்களை இழுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், திரையில் பேர் வாங்கியிருந்த 17 வயது அந்தோணி மைக்கேல் ஹாலையும், 20 வயது டவுனியையும், ஜோன் குசாக்கையும், ஏற்கெனவே ஆஸ்கார் பரிந்துரை பெற்றிருந்த ராண்டி குவைடையும் சேர்த்தார்.

டவுனியிடம் திறமைக்குக் குறைவில்லை என்பதைப் பின்னால் உலகமே பார்த்தது. குறை ஆள் சேர்த்த விதத்தில் இருந்தது என்பதே என் கருத்து. அரசியலையும் விளம்பரங்களையும் செய்திகளையும் கேலி செய்யும் இந்த நிகழ்ச்சியின் குறுநாடகங்களுக்கு அமைச்சர், நீதிபதி, குடும்பத் தலைவர், அலுவலக மேலாளர் என்று நடுவயது முகங்கள் வாரந்தோறும் தேவைப்படும். மீசை ஒட்டிய 17 வயதுப் பையன் அந்த வேடங்களில் பள்ளி ஆண்டுவிழா நாடகத்துத் தாத்தாவைப் போலத்தான் தெரிவான். அதிபர் ரீகன் வேடம் குவைடுக்குப் போனதில் வியப்பில்லை.

கேள்வி: வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தும் சிரிப்பு வராமல் போனது எதனால்?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: அந்த வாரம் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். திங்களன்று யோசனைகளைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடியவிடிய எழுதுவார்கள். புதனன்று ஏறத்தாழ நாற்பது நாடகங்களை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டு வாசித்து, அவற்றில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். சனிக்கிழமை மாலை பார்வையாளர்கள் முன்னிலையில் முழு ஒத்திகை நடக்கும். அதில் எடுபடாதவற்றை வெட்டிவிட்டு, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கட்டடத்து அரங்கிலிருந்து இரவு 11.30க்கு நேரலையில் போவார்கள். வசனம் கடைசி நிமிடம்வரை மாறிக்கொண்டே இருப்பதால் யாரும் மனப்பாடம் செய்வதில்லை; கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிக்கும் அட்டையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இரண்டாவது டேக் கிடையாது. இத்தகைய வேகத்தில், யாருக்கு எந்த வசனம் வாயில் வரும் என்று எழுதுபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டிலோ நடிகர்களும் எழுத்தாளர்களும் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் புதியவர்கள்.

தப்பித்தவர்கள் தமக்கென்று ஒரு பாத்திரத்தையோ ஒரு நாற்காலியையோ பிடித்துக்கொண்டவர்களே. ஜான் லோவிட்ஸின் புளுகர் பாத்திரத்தை இன்று பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு பொய்யைத் தொடங்கி, நடுவில் திணறி, கண்களை அலையவிட்டு அதைவிடப் பெரிய பொய் ஒன்றைக் கண்டுபிடித்ததும், 'ஆமாம், அதுதான்!' என்று தனக்குத்தானே மகிழ்ந்துகொள்வார். நடிகை மார்கன் ஃபேர்சைல்டு தன் மனைவி என்பது அவருடைய நிரந்தரப் புளுகு. டென்னிஸ் மில்லருக்கு, நாட்டு நடப்பைக் கேலி செய்யும் செய்திப் பகுதியின் வாசிப்பாளர் மேசை கிடைத்தது. டனிட்ரா வான்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தனக்கு வேலைக்காரி வேடங்களே வருவதைப் பாட்டாகப் பாடி அவரே கேலி செய்தார். அந்தப் பாட்டுக்குக் கைதட்டியவர்கள் அவருக்கு நல்ல வேடம் எழுதித் தந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: நேரலையில் வேண்டுமென்றே மாற்றி நடித்ததற்காக ஒருவரை அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கினார்களாமே?
(வாசகர், சேலம்)

பதில்: அவர் அதே குழுவில் இருந்த டேமன் வேயன்ஸ். சின்னச் சின்ன வேடங்களே கிடைத்த ஆத்திரத்தில் இருந்தவர், 1986 மார்ச்சில் ஒரு போலீஸ்காரர் வேடத்தை ஒத்திகையில் நடித்ததற்கு மாறாக, பெண்மை கலந்த குரலில் பேசி நடித்தார். மைக்கேல்ஸ் உடனே நீக்கினார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்றாலும், கூட நடிப்பவரை நேரலையில் திகைக்க வைப்பதை எந்தக் குழுவும் பொறுக்காது. அதே மைக்கேல்ஸ் சீசனின் கடைசி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்துத் தனிமேடை நகைச்சுவை செய்ய வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சறுக்கிய பிறகும் நிகழ்ச்சி எப்படிப் பிழைத்தது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நிகழ்ச்சியை ஒளிபரப்பும் என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் அதை நிறுத்திவிடும் நிலைக்கே வந்துவிட்டது. மைக்கேல்ஸ் நேரில் பேசி இன்னொரு வாய்ப்புப் பெற்றார். தோல்வியை அவர் மூடி மறைக்கவும் இல்லை. மே 24 அன்று ஒளிபரப்பான இறுதிக் காட்சியில் நடிகர்கள் இருக்கும் அறை தீப்பிடிக்கிறது. உள்ளே ஓடும் மைக்கேல்ஸ், லோவிட்ஸை மட்டும் வெளியே இழுத்து வருகிறார். பிறகு ஓடிய பெயர்ப் பட்டியலில் பெயர்களுக்குப் பின்னால் கேள்விக்குறிகள்! வேலை போகப் போகிறவர்களை வைத்தே அதை நடிக்க வைத்தது கொஞ்சம் குரூரம்தான்.

அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்கியபோது, முந்தைய சீசனின் முதல் நிகழ்ச்சியை நடத்திய மடோனாவே வந்து, போன ஆண்டு நடந்ததெல்லாம் ஒரு கெட்ட கனவு என்று அறிக்கை வாசித்தார். 'டல்லாஸ்' தொடர் ஒரு முழு சீசனையே கனவு என்று தள்ளிவிட்டு ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. பழைய குழுவில் தங்கிய லோவிட்ஸ், மில்லர், நோரா டன் ஆகியோரோடு டேனா கார்வி, ஃபில் ஹார்ட்மன், ஜேன் ஹூக்ஸ் வந்து சேர்ந்தார்கள். இவர்களில் ஹார்ட்மனைத்தான் நான் முதலில் சொல்வேன். நடுவயது அதிகாரியாகவோ தந்தையாகவோ அவரை எந்த நாடகத்திலும் நிறுத்தலாம், அதிபர் ரீகனாகவும் நிறுத்தலாம். எல்லாவற்றையும் ஒட்டவைத்துத் தாங்குபவர் என்ற பொருளில் சக நடிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'பசை'.