அந்த மன்னிப்புக் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். சிறார் நாவல்களைப் படித்துவிட்டு வந்து அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் ஒரு நாவலைப் படிக்கச் சொல்லி, அதை எழுதியவரையே சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். சில பிள்ளைகள் பாராட்டிப் பேசினார்கள். அப்புறம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "இந்தக் கதையில் வரும் பிள்ளைகள் எங்களைப் போலப் பேசவில்லை. கடைசியில் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அலுப்பாக இருந்தது" என்று சொல்லிவிட்டாள். எழுத்தாளரின் முகம் வாடிவிட்டது. தலைமையாசிரியர் அங்கேயே அவளைக் கண்டித்தார். திங்கட்கிழமை அவளை ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவைத்து எழுத்தாளருக்கு அனுப்பினோம்.

மாணவர்கள் ஒரு நூலைப் பண்போடு விமர்சிக்க ஏதேனும் படிவம் உண்டா? பதின்வயதினருக்கு ஏற்ற நாவல்களின் பட்டியல் தர முடியுமா? கைப்பேசி வந்த பிறகு பிள்ளைகளிடம் வாசிப்பே இல்லை என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிறார் நாவல்களைப் பற்றிச் சிறார் என்ன நினைக்கிறார்கள் என்று நம்மில் யாராவது கேட்கிறோமா என்ற கேள்வி சில மாதங்களாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. விடுமுறை நாளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஆசிரியர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் திட்டப்போகிறேன்.

மன்னிப்புக் கடிதமா? எதற்கு? ஒரு நாவலை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்ததற்கா? படித்ததை மறக்காமல் நினைவில் வைத்திருந்ததற்கா? அந்தப் பெண் சொன்ன மூன்று வாக்கியங்களை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் உரையாடலைப் பற்றியது. இரண்டாவது கதைக்கட்டைப் பற்றியது. மூன்றாவது, இவை இரண்டினாலும் அவளுக்கு நேர்ந்தது. பெரியவர்கள் எழுதும் மதிப்புரைகளில் இவ்வளவு தெளிவை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். எழுத்தாளரைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை, நூலைப் பற்றித்தான் பேசினாள். இதைவிடப் பண்பு வேறு என்ன இருக்கிறது? நீங்கள் தேடுகிற பண்பான விமர்சனம் உங்கள் கண்ணெதிரே எழுந்து நின்றது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதை உட்காரவைத்துவிட்டீர்கள்.

படிவம் கேட்கிறீர்கள். படிவம் ஏற்கெனவே இருக்கிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச் சுருக்கம், நான் கற்றுக்கொண்ட நீதி. கடைசியில், "இந்நூலை அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்." பள்ளிகளில் பிள்ளைகள் எழுதும் மதிப்புரைக் கட்டுகள் என்னிடம் வரும்போதெல்லாம் இந்த வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துபோகிறது. நூறு பிள்ளைகள், நூறு நூல்கள், ஒரே வாக்கியம். நூலைத் திறக்காமலே எழுதிவிடக்கூடிய வாக்கியம். படிவத்தை நிரப்பினால் போதும் என்று தெரிந்த பிள்ளை எதற்காக நூலைப் படிக்க வேண்டும்? பின்னட்டையைப் படித்தாலே வேலை முடிந்துவிடுகிறதே.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் ஒரே ஒரு மர அலமாரியில் இருந்தன. வாண்டுமாமாவின் கதைகள் எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். அலமாரியில் கிடைத்தால் அன்று அதிர்ஷ்டம். அந்த நூல்களின் கடைசிப் பக்கத்தில், திரும்பக் கொடுக்கும் தேதியை முத்திரை குத்தும் தாளுக்குக் கீழே, பென்சிலால் குறிப்புகள் இருக்கும். "சுமார்." "பாதிக்கு மேல் வேகம்." "முடிவு ஏமாற்று." அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "உனக்குப் புரியவில்லை, மறுபடி படி." என் பெரியம்மா மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள், ஒரு நூலில் இப்படி எழுதினாள்: "இதை எழுதியவருக்கு நாய் வளர்த்துப் பழக்கம் இல்லை. அடிபட்ட நாய் யாரையும் கிட்டே விடாது." நான் அந்தக் கதையை மூச்சுவிடாமல் படித்து முடித்திருந்தேன். அக்காவின் வரியைப் பார்த்த பிறகு அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போய்ப் படித்தேன். அவள் சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: அச்சில் வந்த ஒன்றைப் பார்த்து, இது இப்படி இருக்காது என்று சொல்ல முடியும். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

நூலகர் ஒரு நாள் அந்தக் குறிப்புகளைக் கண்டுபிடித்துவிட்டார். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அக்காவின் உறுப்பினர் அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு, "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று பெரியப்பாவிடம் சொல்லி அனுப்பினார். பென்சில் கோட்டுக்காக அல்ல, கருத்துக்காகத்தான் தண்டனை. அதற்குப் பிறகு அக்கா நூலகத்துக்குப் போகவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. இன்று அவளுடைய பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்கிறாள். நடுவில் நிறுத்தி, "இது நடக்குமா, சொல்லு" என்று கேட்கிறாள். நான் அறிந்த மிகச் சிறந்த விமர்சகர் அவள்தான். அவள் எழுதிய விமர்சனம் எல்லாம் ரப்பரால் அழிக்கப்பட்டுவிட்டது. உங்கள் மாணவியின் கதையைப் படித்ததும் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

லண்டனில் 1936ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. சிறார் நூலைச் சிறார்தான் எடைபோட வேண்டும் என்று நம்பியவர் அவர். பிரதியைத் தம்முடைய பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்துக் கருத்து எழுதித் தந்தால் கூலி ஒரு ஷில்லிங். ரேனர் எழுதிய அறிக்கை ஒரு பத்திதான், எழுத்துப் பிழைகளும் உண்டு. கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டுக் கடைசியில் தன் தீர்ப்பைச் சொன்னான்: வரைபடங்கள் இருந்தால் போதும், ஓவியங்கள் வேண்டாம், புத்தகம் நன்றாக இருக்கிறது, ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டோல்கீன் எழுதிய அந்த நூல், 'தி ஹாபிட்', 1937 செப்டம்பரில் வெளிவந்தது.

அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது வயதுக் கணக்கு. பத்து வயதுப் பையன், இது என்னைவிடச் சின்னவர்களுக்கானது என்கிறான். தான் வளர்ந்துவிட்டவன் என்ற பெருமை அதில் இருக்கிறது, இந்தப் புத்தகத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் இருக்கிறது. "அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்" என்று அவன் எழுதவில்லை. கதைச் சுருக்கம் எழுதினான்தான், ஆனால் அதோடு நிற்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓவியம் வேண்டாம் என்று பையன் சொன்னான். நூல் டோல்கீனே வரைந்த ஓவியங்களோடுதான் வந்தது. அப்பா மகனின் பேச்சைக் கேட்டார், கூலி கொடுத்தார், நூலை வெளியிட்டார், எல்லாவற்றையும் அப்படியே நிறைவேற்றவில்லை. பிள்ளைகளின் கருத்தைக் கேட்டால் அவர்கள் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் மாணவி சொன்னதை அந்த எழுத்தாளர் ஏற்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் வேறு வட்டாரத்துப் பிள்ளைகள், அதனால் அப்படிப் பேசுகிறார்கள் என்று அவர் பதில் சொல்லியிருக்கலாம். அவள் மறுத்திருக்கலாம். அங்கே ஓர் உரையாடல் நடந்திருக்கும். உங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையும் அதை மறந்திருக்காது. அந்த ரேனர் பின்னால் தந்தையின் நிறுவனத்திலேயே சேர்ந்து, டோல்கீனின் மிகப் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் வெளியிட்டார். பத்து வயதில் அவர் சொன்னதை யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அந்தத் துணிவு எங்கிருந்து வந்திருக்கும்?

ஜெர்மனியில் இதை ஓர் ஏற்பாடாகவே செய்துவைத்திருக்கிறார்கள். அங்கே இளையோர் இலக்கியத்துக்கான அரசுப் பரிசு 1956 முதல் வழங்கப்படுகிறது. 2003இலிருந்து அதில் இளையோர் நடுவர் குழு ஒன்றும் உண்டு. நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் உள்ள வாசிப்பு வட்டங்களின் பிள்ளைகள் தாங்களே நூல்களைப் படித்து, சண்டைபோட்டு, பட்டியலிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரியவர்களின் குழு தேர்ந்தெடுத்த நூலுக்கும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த நூலுக்கும் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் ஒரே மேடையில் பரிசு தருகிறார்கள். உங்கள் சனிக்கிழமை வட்டத்தைப் போன்ற வட்டங்கள்தான் அவை.

நம்முடைய சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்காரம் என்ற பரிசை வழங்குகிறது. நல்ல நூல்களுக்கும் அது போயிருக்கிறது. 2020இல் அதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பெரியவர்கள் வாயைத் திறக்கத் தயங்கும் பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் எல்லோரும் பெரியவர்கள். யாருக்காக அந்த நூல்கள் எழுதப்படுகின்றனவோ அவர்களில் ஒருவருக்கும் அங்கே இடமில்லை. கருத்து நல்லது, பிள்ளைகளுக்குத் தேவையானது என்று நாம் முடிவுசெய்துவிடுகிறோம். கதை தங்களைப் பிடித்து இழுத்ததா என்று சொல்ல வேண்டியவர்கள் பரிசு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடுகிறார்கள், பூங்கொத்துக் கொடுக்கிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் கொண்ட ஒரு நடுவர் குழுவைத் தமிழில் ஏன் அமைக்க முடியாது? பணம் அதிகம் வேண்டாம். பிள்ளைகளின் முடிவைக் கேட்டு முகம் வாடாத பெரியவர்கள் சிலர் வேண்டும்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பேசிப் பேசி எல்லோரும் ஓய்ந்துவிட்டோம். உங்கள் மாணவி கையிலும் கைப்பேசி இருந்திருக்கும், இருந்தும் நாவலை முழுதாகப் படித்தாள். அலுப்பை மறைத்துப் பாராட்டுப் பேச வேண்டும் என்று நீங்கள் கட்டாயப்படுத்தினால்தான் அவள் அடுத்த புத்தகத்தை விட்டுவிட்டுக் கைப்பேசியிடம் போவாள்.

நாவல் பட்டியலைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். சிறியதுதான். பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் நடுவில் உள்ளவர்களுக்கென்று தமிழில் எழுதப்பட்ட நாவல்கள் குறைவு. நம் பிள்ளைகள் நீதிக்கதையிலிருந்து ஒரே தாவலாக 'பொன்னியின் செல்வன்' போன்ற பெரியவர்களின் தொடர்கதைக்குத் தாவிவிடுகிறார்கள். அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்ற பெண் தன் வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் இல்லையே என்று பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தொடங்கினாள். 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தது. "இந்தப் பிள்ளைகள் எங்களைப் போலப் பேசவில்லை" என்று உங்கள் மாணவி சொன்னதும் அதே குறைதான். அந்தக் குறையை வைத்துக்கொண்டு நாளை அவள் என்ன எழுதுவாள் என்று யாருக்குத் தெரியும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த எழுத்தாளருக்கு உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். மாணவியின் மன்னிப்பை நாங்கள்தான் கேட்கவைத்தோம், அதைத் திரும்பப் பெறுகிறோம், அவள் சொன்ன கருத்துக்கு மட்டும் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம் என்று எழுதுங்கள். நல்ல எழுத்தாளராக இருந்தால் மகிழ்வார். கோபித்துக்கொண்டால் அந்தக் கோபம் அவருடையது, உங்கள் மாணவி அதைச் சுமக்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசுங்கள். அவர் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டுங்கள்.

வட்டத்தில் நீதியைக் கேட்பதை அடுத்த சனிக்கிழமையே நிறுத்திவிடுங்கள். வேறு கேள்விகள் கேளுங்கள். எங்கே பக்கங்களைத் தாண்டிப் படித்தாய்? யாருடைய பெயர் உனக்கு மறந்துபோனது? எந்த இடத்தில் எழுதியவர் பொய் சொல்கிறார் என்று பட்டது? இந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பாய், யாருக்குக் கொடுக்க மாட்டாய்? பதில்களைத் திருத்தாதீர்கள், எழுத்துப் பிழைகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் இன்னொன்று கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் அலுப்புத் தொடங்கியது? அவள் சொல்லும் பக்க எண்ணை எனக்கு எழுதுங்கள். அந்த நாவல் என்னிடமும் இருக்கிறது, எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்