அதிமதுரம் புண்ணை ஆத்துமா, பிரஷரை ஏத்துமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 52, மூணு வருஷமா பிரஷர் மாத்திரை போடுறேன். போன மாசம் எண்டோஸ்கோப்பி பண்ணி இரைப்பையில அல்சர்னு மாத்திரை குடுத்தாங்க. என் நாத்தனார், "அதெல்லாம் எதுக்கு அண்ணி, அதிமதுரப் பொடிய பால்ல கலந்து ரெண்டு வேளை குடிங்க, அதுல இருந்துதான் அல்சர் மாத்திரையே செஞ்சாங்க"னு விடாம சொல்றாங்க. உண்மையா? மூட்டு வலிக்கும் அப்பப்ப மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுவேன்.
— வாசகி, தேனி

பதில்: நாத்தனார் சும்மா அடிச்சு விடலம்மா, செஞ்சது நிஜம்தான். 1940-கள்ல நெதர்லாந்துல ரெவர்ஸ்னு ஒரு டாக்டர், உள்ளூர் மருந்துக்கடைக்காரர் அதிமதுரச் சாறு போட்டு கிண்டுன பேஸ்ட்டை சாப்பிட்டவங்களுக்கு வயித்துப்புண் ஆறுறத கவனிச்சாரு, ஆனா கூடவே இன்னொண்ணும் பார்த்தாரு, அஞ்சுல ஒருத்தருக்கு மூஞ்சியும் காலும் வீங்குது. அப்புறம் இங்கிலாந்துல அந்த வேரோட இனிப்புச் சத்தை கொஞ்சம் மாத்தி கார்பனாக்ஸலோன்னு மாத்திரை செஞ்சாங்க. சிகரெட்டால புத்துநோய் வரும்னு நிரூபிச்ச ரிச்சர்ட் டால் இருக்காரே, அவரே 1962-ல அதை சோதிச்சு பார்த்து, இரைப்பைப் புண் சீக்கிரம் ஆறுதுனு எழுதினாரு. சிறுகுடல் புண்ணுக்கு அவ்வளவா கேக்கல.

இது ஆசிடை குறைக்கிற மருந்து இல்ல. இரைப்பைக்கு உள்பக்கம் வழவழனு ஒரு சளிப் படலம் இருக்கு, அதை கெட்டியாக்கி ஆசிட் படாம காக்குது. வில்லங்கம் கிட்னியில. அங்க கார்டிசால்ங்கிற ஹார்மோனை செயலிழக்க வைக்கிற ஒரு என்சைம் இருக்கு, அதை இந்த மருந்து அமுக்கிடும், உடனே கார்டிசால் உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்க ஆரம்பிக்கும், பொட்டாசியம் ஒண்ணுக்குல போயிடும், பிரஷர் ஏறும். அதனாலதான் 1976-ல ஆசிடை குறைக்கிற சிமெடிடின் மாத்திரை வந்ததும் இதை ஓரம் கட்டிட்டாங்க. இப்ப பெரும்பாலும் லேப்லதான் இருக்கு, எலிக்கு புண் வரவச்சு புது மருந்தை சோதிக்கறப்போ கூட வச்சு ஒப்பிட்டுப் பார்க்க.

சரி, பொடிக்கு வருவோம். அதுலயும் இருக்கறது அதே இனிப்புச் சத்துதான், அதே வில்லங்கம்தான். பாட்டுக்காரங்க தொண்டைக்கு ஒரு துண்டு வேரை கடிச்சு மெல்லுவாங்களே, அந்த அளவு வேற, தினம் ரெண்டு வேளை ஸ்பூன் ஸ்பூனா வாரக்கணக்குல குடிக்கிறது வேற. உங்க பிரஷர் மாத்திரை ஒண்ணுக்கு போக வைக்கிற வகையா இருந்தா அதுவே பொட்டாசியத்தை இறக்கும், இதுவும் சேர்ந்தா கை கால் தளரும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். உங்களுக்கு வேண்டாம்மா, நாத்தனார் கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

எனக்கு உறுத்துறது அந்த மூட்டு வலி மாத்திரைதான். அதுல பல வகை அந்த சளிப் படலத்தையே அரிச்சுடும், ஒரு பக்கம் புண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டு இன்னொரு பக்கம் புண்ணை கிளறிக்கிட்டு இருக்கீங்க. அட்டையை எடுத்துட்டுப் போய் உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, அல்சரை வரவைக்கிற ஹெச் பைலோரி கிருமிக்கு டெஸ்ட் எடுத்தாச்சானும் கேளுங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போனா மட்டும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.